வண்டியோடு வந்த சண்டை

அந்த நாட்டில் வாடகைக்குக் கார் எடுத்தால், முன்பு அதை எடுத்தவர்கள் போட்ட சண்டையும் சேர்ந்தே வரும். எந்த அளவில் வாங்கினோமோ அதே அளவில் திருப்பித் தர வேண்டும். பெட்ரோலுக்கு உள்ள விதிதான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு முள் இருக்கும். இடது முள் பெட்ரோலைக் காட்டும், வலது முள் சண்டையைக் காட்டும். எங்களுக்குக் கிடைத்த வெள்ளைக் காரில் இரண்டும் சரியாகப் பாதியில் நின்றன.

கவுண்டரில் இருந்தவர் காரை ஒரு சுற்று சுற்றி, ஏற்கெனவே உள்ள கீறல்களைத் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து இரண்டு முள்ளையும் குறித்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். நான் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவன். படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கமில்லை.

"சண்டை குறைஞ்சு போனா என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"உங்களில் ஒருவர் இங்கேயே தங்கி, நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம்" என்றார். சுவரோரம் இருந்த ஒரு பெஞ்சைக் காட்டினார். அதில் ஒரு மனிதர் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி ஊருக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டனவாம். அவர் தினமும் காலையில் வெளியே நிற்கும் பச்சைக் காரில் ஏறி, தன்னைத்தானே கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டு இறங்குவாராம். ஒருவராகப் போட்டால் முள் ஏறாது. அவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

என் பெயர் சென்னியப்பன். கோபிசெட்டிபாளையத்தில் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவன். உடன் வந்தவள் என் மனைவி மரகதம். பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்குத் தாவரவியல் எடுத்தவள், அவளும் போன வருடம் ஓய்வு பெற்றாள். ஒன்பது நாள் பயணம், எட்டு இடத்தில் கூடாரம் என்று எங்கள் மகள் எல்லாவற்றையும் பெங்களூரில் இருந்தபடியே பதிவு செய்து கொடுத்திருந்தாள். விமானம் இறங்கியதும் கைக்கடிகாரத்தைப் பின்னால் திருப்பிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த நாடு நேரத்தில் நம்மைவிடப் பின்னால் இருக்கிறது. எவ்வளவு பின்னால் என்று நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. மரகதம்தான் கேட்டுத் திருப்பி வைத்தாள்.

கார் நிறுத்தத்தைவிட்டு வெளியே வந்து இருநூறு மீட்டர் போயிருப்போம். ஓர் ஏரி வந்தது. ஏரிக்கரையில் இடது பக்கம் ஒரு பாதை பிரிந்தது. நாங்கள் நேராகப் போனோம். உடனே மரகதம் என் பக்கம் திரும்பி, இதுவரை எங்கள் இருவருக்குமே தெரியாத ஒரு பாஷையில், தொண்டையிலிருந்து பேசினாள். ஏரிக்கரையில் திரும்பச் சொல்லி போர்டு இருந்தது, நீ பார்த்தாய், பார்த்துவிட்டும் பேசாமல் ஓட்டினாய் என்றாள். எங்களுக்கு முன்னால் காரை எடுத்தவர்களின் சண்டை அது. நல்ல நிலைமையில்தான் இருந்தது. அதற்குரிய பதிலும் அதே பாஷையில் என் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. வரைபடம் உன் மடியில்தானே இருந்தது என்று நான் சொல்லியிருந்தால் போதும். முள் ஒன்பது நாளும் பாதியிலேயே நின்றிருக்கும்.

ஆனால் முப்பத்திரண்டு வருடப் பழக்கம் வேறு.

"செரி, உடு மரகதம். என்ற தப்புத்தான்" என்றேன்.

வலது முள் கீழே விழுந்தது. மரகதம் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, முள்ளு உளுந்துருச்சுங்க" என்றாள்.

வண்டி வாசலைத் தாண்டிவிட்டால் சண்டை வாடிக்கையாளரின் பொறுப்பு என்று தாளில் படித்திருந்தேன். திரும்பிப் போய்ப் பயனில்லை.

இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைப்பதற்கில்லை. எங்கள் தெருவில் சத்தமே கேட்காத வீடு எங்களுடையதுதான். வேலையிலும் நான் அப்படித்தான். வரப்புத் தகராறு என்று அண்ணன் தம்பிகள் மண்வெட்டியோடு நிற்கும் இடத்துக்குப் போவேன். சங்கிலி பிடித்து அளப்பேன். கல்லை நட்டுவிட்டு, "இனி உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவேன். யார் பக்கமும் சாயாத மனுசன் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்கு வீட்டிலும் நான் யார் பக்கமும் சாயவில்லை.

முதல் முகாம் ஒரு மைதானத்தில் இருந்தது. கூடாரத்தை நாங்களே கொண்டுபோயிருந்தோம். எதற்குப் புதிதாக வாங்க வேண்டும் என்று, கோபியில் பந்தல் போடும் கடையில் சொல்லித் தைத்து வாங்கியது. சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக, ஓரத்தில் குஞ்சம் வைத்து, இரண்டு பேர் படுக்கிற அளவில் ஒரு சின்னச் சாமியானா. அதைப் பிரித்ததும் மற்ற கூடாரங்களில் இருந்தவர்கள் எழுந்து வந்து, யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்தார்கள். மரகதம், "எங்களுதுதான்" என்று சொல்லி ஆளுக்கு இரண்டு முறுக்கு கொடுத்தாள். வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

ஆணி அடிப்பதற்கு முன்னால் அவள் கேட்டாள்.

"வாசல எந்தப் பக்கமுங்க வெக்கலாம்?"

"உன்ற இஷ்டம்" என்றேன்.

அவள் கிழக்கு எது என்று பார்த்து வைத்தாள். மறுநாள் இன்னோர் இடம், அதே கேள்வி, அதே பதில். அதற்கு மறுநாளும் அப்படியே. நில அளவனுக்குத் திசை தெரியாமல் இல்லை.

இரண்டாம் நாளிலிருந்து முள்ளை ஏற்றும் முயற்சியைத் தொடங்கினோம். நாள் கணக்கில்தான் நேரம் இருந்தது. எங்களில் ஒருவர் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தால் அது நானாகத்தான் இருக்கும் என்று நான் முடிவு செய்திருந்தேன். அவளும் அதையே தனக்காக முடிவு செய்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. இதைப் பற்றியும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

டீயில் சர்க்கரை இல்லை என்று காரில் உட்கார்ந்து குற்றம் சொன்னேன். "ஆமாங்க, மறந்துட்டேன்" என்று போட்டுக் கொடுத்தாள். எலுமிச்சை சாதத்தில் உப்பு அதிகம் என்றேன். அவளும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, ஆமாம் என்றாள். நான் ரொம்ப மெதுவாக ஓட்டுகிறேன் என்று அவள் சொன்னாள். நான் வேகத்தைக் கூட்டினேன். வேகமாக ஓட்டுகிறேன் என்றாள். குறைத்தேன். முள் படுத்த இடத்திலேயே கிடந்தது. ஒத்துப்போயே பழகிய இரண்டு பேரால் வேறென்ன செய்ய முடியும்.

பக்கத்துக் கூடாரத்தில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். அவர்களுடைய கார் முள் நிரம்பி வழியும் இடத்தில் நின்றது. எங்கள் நிலைமையைக் கேட்டு, கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு குழாயைக் கொண்டுவந்தார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் அவர்களுடையது வேறு கம்பெனிக் கார், குழாயின் வாய் எங்கள் காருக்குப் பொருந்தவில்லை. நன்றி சொல்லி அனுப்பினோம்.

நான்காம் நாள் ஒரு காட்டு வழியாகப் போனோம். அங்கே பாறை, மரம், தரை எல்லாவற்றையும் பாசி மூடியிருந்தது. மரகதம் நிறுத்தச் சொன்னாள். இறங்கியவள் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தாள். அதை அவள் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பாசியாக, பெரணியாகத் தொட்டுத் தொட்டு, அவற்றின் பெயரை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே தவழ்ந்து போனாள். புடவையின் முழங்கால் பக்கம் நனைந்து போனது அவளுக்குத் தெரியவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பின்னால் நின்றேன். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் அப்படி மண்டி போட்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் தரை துடைக்கும்போது பார்த்திருக்கிறேன், அது வேறு.

"இதையெல்லாம் வால்பாறையில பாத்திருக்கோணும்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. பாசியிடம் சொன்னாள்.

காருக்குத் திரும்பி வந்தபோது வலது முள் ஒரு மயிரிழை எழும்பியிருந்தது. இரண்டு பேரும் பார்த்தோம்.

வால்பாறை விஷயம் இதுதான். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில், காட்டுச் செடிகளைக் கணக்கெடுக்கும் வேலைக்கு மரகதத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வால்பாறையில் தங்கி மூன்று வருடம் செய்ய வேண்டிய வேலை. கடிதம் வந்த அன்று மாலை, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, சமையலறை நிலைப்படியில் கடிதத்தோடு நின்று கேட்டாள். "நான் போகட்டுங்களா?" நான் கையைக் கழுவிக்கொண்டே, "உன்ற இஷ்டம்" என்றேன். சேர வேண்டிய கடைசித் தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளில் இன்னும் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் அதையே சொன்னேன். தேதி தாண்டியது. அடுத்த மாதம் அவள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். பொண்டாட்டி விஷயத்தில் தலையிடாத மனுசன் என்று என்னைப் பற்றிச் சொன்னார்கள். நானும் அதைப் பெருந்தன்மை என்றே வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காரில் போகும்போது நானே எடுத்தேன். அளக்கப் போகிறவன் முதலில் பழைய கல் எங்கே இருக்கிறது என்று கேட்பான். அந்த மாதிரித்தான் கேட்டேன்.

"நேத்து வால்பாறைன்னு என்னமோ சொன்னியே?"

"அது கெடக்குதுங்க. இனி அதைப் பேசி என்ன பண்றது?"

எனக்கு மிகவும் வசதியான பதில். "செரி, உடு" என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

"சொல்லாதீங்க" என்றாள். "அந்தச் சொல்ல மட்டும் இன்னிக்குச் சொல்லாதீங்க."

முள் கால் பாகத்துக்கு ஏறியது.

ஆறாம் நாள் முகாம் கடலோரத்தில் ஒரு மேட்டில் இருந்தது. காற்று பலமாக அடித்தது. அந்த நாட்டில் அந்த மாதத்தில் சூரியன் இறங்குவதாகப் போக்குக் காட்டிவிட்டு அங்கேயே நிற்கும். சாமியானாவை இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். குஞ்சங்கள் படபடத்தன. காரை இரண்டடி தள்ளி நிறுத்தி, முள் தெரிவதற்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். மரகதம் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"வாசல் எந்தப் பக்கம் வெக்கற?" என்று நானே கேட்டேன்.

"நீங்க சொல்லுங்க."

"எனக்கென்ன, உன்ற..."

"உன்ற இஷ்டமுன்னு சொன்னீங்கன்னா நான் இந்தத் துணியை உட்டுருவேன்" என்றாள்.

துணியை விட்டால் அது கடலுக்குப் போயிருக்கும். நான் என் முனையை இறுகப் பிடித்தேன். அவள் பேசினாள். உட்காரக்கூட இல்லை, துணியைப் பிடித்தபடியே பேசினாள்.

"மூணு தடவை கேட்டேனுங்க. போன்னு சொல்லியிருந்தீங்கன்னா போயிருப்பேன். போகாதன்னு சொல்லியிருந்தீங்கன்னா உங்ககிட்டச் சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். நீங்க ஒண்ணுஞ் சொல்லலை. நான் யாருகிட்டச் சண்டை போடறது?"

"உன்னைய நான் தடுக்கலையே மரகதம்."

"தடுத்திருக்கோணும்!"

முள் கால் பாகத்தைத் தாண்டியது. மற்ற கூடாரக்காரர்கள் நாகரிகமாகத் தங்கள் நாற்காலிகளைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். முகாமைப் பார்த்துக்கொள்கிற பெண் நோட்டும் பேனாவுமாக வந்து, முள்ளின் அளவை எழுதிக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள்.

மரகதம் ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கழுத்தில் தொங்கிய பாஸ்போர்ட் பையைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் அந்தக் கடிதம் இருந்தது. பாஸ்போர்ட் எடுக்கச் சான்றிதழ்களையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்தபோது அதுவும் கூடவே வந்துவிட்டது என்றாள். மடிப்பு விழுந்த இடத்தில் கிழிந்து, ஒட்டுப் போட்டிருந்தாள். ஒட்டுக்கு மேல் இன்னோர் ஒட்டு இருந்தது. எத்தனை முறை பிரித்துப் படித்திருப்பாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"ஒண்ணு மட்டுஞ் சொல்லுங்க. அன்னிக்கு உங்க மனசுல என்னங்க இருந்துச்சு?"

எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கை கழுவின தண்ணீர் விரலில் சொட்டியதுகூட நினைவிருக்கிறது.

"நீ போக வேண்டாமுன்னுதான் இருந்துச்சு" என்றேன். "ஆபீஸ் உட்டு வந்தா வீடு பூட்டியிருக்குமேன்னு நெனச்சேன். தனியா உக்காந்து சோறு திங்கோணுமேன்னு நெனச்சேன். வேண்டாமுன்னு வாயில சொன்னா நாளைக்கு நீ என்னையச் சொல்லிக் காட்டுவீன்னு பயம். அதான், போகாததும் நீயா முடிவு பண்ணினதா இருக்கட்டுமுன்னு உட்டுட்டேன்."

காற்றில் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றினால்தான் என்று நான் எழுதலாம். இல்லை, அழுதாள்.

"முப்பது வருசமா நாந்தான் போகாம உட்டேன்னு என்னையே திட்டிட்டு இருந்தேனுங்க" என்றாள். "குழம்புக்குத் தாளிக்கறப்ப, துணி காயப்போடறப்ப, தெனமுந் திட்டிட்டு இருந்தேன். அதுல பாதி உங்களுக்கு வர வேண்டியதுங்க."

முள் பாதிக்கு வந்து நின்றது. சரியான பாதி. முகாம் பெண் தூரத்திலிருந்தே பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

அன்று கூடாரத்தின் வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கு நினைவில்லை.

அடுத்த மூன்று நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. மன்னித்துக்கொள் மரகதம் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் கேட்டால் முள் இறங்கிவிடும். அவள் மன்னித்தாலும் இறங்கிவிடும். என்னைப் போன்ற ஒருவனுக்கு அது நல்ல காரணமாக அமைந்துவிட்டது. காரைக் கொடுத்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு முள்ளைப் பார்ப்பாள். ஏழாம் நாள் ஓர் அருவியைப் பார்த்தோம். எட்டாம் நாள் கடற்கரையில் முப்பது நாற்பது கடல்நாய்கள் படுத்திருந்ததைப் பார்த்தோம். ஒருவருக்கொருவர் ஃபோட்டோ எடுத்துக்கொண்டோம். ஒன்றிலும் சிரித்தமாதிரி இல்லை. சிரித்தால் எவ்வளவு இறங்கும் என்று தெரியாததால் கவனமாக இருந்தோம். அந்த மூன்று நாளும் அவள் கையை ஒரு முறை பிடித்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அதிகம் போனால் ஒரு கோடு குறைந்திருக்கும்.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, காலை பத்து மணிக்குக் காரைத் திருப்பிக் கொடுத்தோம். கவுண்டர்க்காரர் கீறல்களைச் சரிபார்த்தார். இரண்டு முள்ளையும் பார்த்தார்.

"சரியாக இருக்கிறது" என்று சாவியை வாங்கிக்கொண்டார். "இது வேறு சண்டை. ஆனால் அளவுதான் எங்களுக்கு முக்கியம்."

பெஞ்சில் இருந்தவர் எங்களைப் பார்த்து மறுபடியும் தலையசைத்தார். நான் மரகதத்தைத் தனியாக ஜன்னல் ஓரம் அழைத்துப் போனேன்.

"என்னைய மன்னிச்சுக்க மரகதம்" என்றேன்.

"எதுக்குங்க?" என்றாள்.

பொய்யாகக் கேட்கவில்லை. அவள் முகம் தெளிவாக இருந்தது. சண்டை காரோடு போய்விட்டது, அது இனி கம்பெனியினுடையது. நடந்ததெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதில் கோபம் மட்டும் இல்லை. கோபமில்லாத இடத்தில் என் மன்னிப்பை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் முன்னால் கேட்டிருந்தால் அதற்கு ஓர் இடம் இருந்திருக்கும்.

அந்த நேரம் எங்கள் வெள்ளைக் காரை எடுக்க ஒரு வெளிநாட்டுத் தம்பதி வந்தார்கள். அந்த ஊர்க்காரர்களும் இல்லை, வேறெங்கோ வடக்கிலிருந்து வந்தவர்கள். அவர் நீல ஸ்வெட்டர் போட்டிருந்தார். அந்த அம்மாள் நரைத்த தலையை ஒற்றைச் சடையாகப் போட்டிருந்தாள். கவுண்டர்க்காரர் அவர்களுக்கும் கீறல்களைக் காட்டினார், முள்ளைக் காட்டினார், கையெழுத்து வாங்கினார். இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். கண்ணாடியை இறக்கியிருந்ததால் எங்களுக்குக் கேட்டது. அந்த அம்மாள் கணவர் பக்கம் திரும்பி, கோபிப் பக்கத்துத் தமிழில் பேசினாள்.

"ஏனுங்க, அன்னிக்கு நான் போகட்டுங்களான்னு கேட்டேனே, உங்க மனசுல என்னங்க இருந்துச்சு?"

"போயிட்டு வா கண்ணு" என்றார் நீல ஸ்வெட்டர்க்காரர். "சனிக்கெழமை சனிக்கெழமை நான் வாரேன்."

வலது முள் விழுந்தது.

அவ்வளவுதான். முப்பது வருடமாக என் வாயில் வராததை அவர் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என்மேல்தான் வந்தது. ஆனால் ஒருவராகப் போட்டால் ஏறாது என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

அந்த அம்மாள் இறங்கி வந்து, அப்படியானால் வால்பாறைக்குப் போக வேண்டியிருக்கிறது, வழி எது என்று கவுண்டர்க்காரரிடம் கேட்டாள். ஏரிக்கரையில் இடது பக்கம் திரும்ப வேண்டும், போர்டு இருக்கும், ஆறு மணி நேரம் என்றார் அவர். வேலைக் கடிதத்தைக் கேட்டார். அவளிடம் கடிதம் இல்லை. மரகதம் கழுத்துப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கி, ஒட்டுப் போட்ட இடங்களை விரலால் நீவிவிட்டுப் படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மனதுக்குள் எதையோ கழித்தார்.

"நேர வித்தியாசத்தைக் கழித்தால் கடைசித் தேதி நாளைதான்" என்றார். "ஆனால் இதில் பெயர் மரகதம் என்று இருக்கிறது. மரகதம்தான் போக வேண்டும்."

வெளிநாட்டு அம்மாளும் அது நியாயம்தான் என்றாள். பின் கதவைத் திறந்துவிட்டாள். போகிற வழிதான், இறக்கிவிடுகிறோம் என்றாள்.

மரகதம் என் எதிரில் வந்து நின்றாள். அறுபத்தொரு வயது. நெற்றியில் வெயில் பட்டுக் கறுத்திருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடி கையில் இருந்தது.

"நான் போகட்டுங்களா?" என்றாள்.

உன்ற என்பதுவரை என் உதடு வந்துவிட்டது. அதை மூடினேன். அவள் அவசரப்படுத்தவில்லை. பெஞ்சில் இருந்தவர் தொப்பியை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"எனக்கு நீ போக வேண்டாம்" என்றேன். "எனக்குக் கூட இருக்கோணும் நீ. அதுதான் நெசம். ஆனா போ மரகதம். போயிட்டு வா. சனிக்கெழமை நான் வாரேன்."

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள்.

"இவ்ளோதானுங்களா?" என்றாள். "இதுக்கா இத்தன வருசம்?"

அவள் ஏறிக்கொண்டாள். முறுக்குப் பையில் மிச்சமிருந்ததை ஜன்னல் வழியாக என்னிடம் கொடுத்தாள். கார் வாசலைத் தாண்டி, ஏரிக்கரையில் இடது பக்கம் திரும்பியது. இந்த முறை போர்டைப் பார்த்துத் திரும்பினார்கள்.

வால்பாறைக்குச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது என்றும், ஞாயிறு மாலை அதுவே திரும்பி வருகிறது என்றும் கவுண்டர்க்காரர் சொன்னார். மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஒரே சீட்டாக எழுதிக் கொடுத்தார். அதுவரை தங்குவதற்குக் கார் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த புல்தரையைக் காட்டினார். நான் காலடியால் அளந்து பார்த்தேன். இரண்டு பேர் கூடாரத்துக்குத் தாராளமாக இடம் இருந்தது.

சாமியானாவை ஒருவனாக விரிக்க முடியாது. பெஞ்சில் இருந்தவர் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார். சிவப்பையும் மஞ்சளையும் பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். எங்களுதுதான் என்று சொல்லி இரண்டு முறுக்கு கொடுத்தேன்.

"வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"ஏரிக்கரை ரோட்டப் பாத்து" என்றேன். அவர் ஆணியை எடுத்து நீட்டினார்.